மூதூர்ச் சாடியில் கேட்ட அடிச்சத்தம்

1958ஆம் ஆண்டு ஜனவரி பதினேழாந் தேதி வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு நாற்பதுக்கு, திருகோணமலையில் ஜெமீல் என்பவர் ஊதிய சாக்ஸபோனின் தாழ்ந்த அடிச்சத்தம் மூதூரில் அபூதாஹிர் வீட்டுக் குசினியிலிருந்த தண்ணீர்ச் சாடிக்குள் கேட்டது. இரண்டுக்கும் நடுவில் கொட்டியாரக் குடாவும் லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகில் ஒன்றரை மணி நேரப் பயணமும் இருந்தன. ஊதியவருக்கு அது கேட்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த இரண்டு மூட்டைத் தொழிலாளர்களுக்கும் கேட்கவில்லை. அபூதாஹிரின் ஒரே மகள் றம்ஸியா மீன் கழுவுவதற்குச் சாடியில் தேங்காய்ச் சிரட்டையால் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். சத்தம் சிரட்டை வழியாக ஏறி அவளுடைய முழங்கை வரைக்கும் வந்தது. அவள் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் இருந்த தகப்பனிடம் போய், லோஞ்சின் ஊதல் கேட்கிறது, இன்றைக்கு முந்தி வந்துவிட்டது போல இருக்கிறது என்று சொன்னாள்.

ஜெமீலுக்கு அப்போது இருபத்தேழு வயது. தாய் தகப்பன், கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. கடற்படைத் தளத்தில் வாத்தியக்காரர்களின் அறையைக் கூட்டித் துடைத்து, பித்தளைகளை மினுக்கி வைக்கும் வேலையில் ஆறு வருடம் இருந்தவர். 1957 ஒக்டோபரில் வெள்ளைக்காரர் தளத்தை ஒப்படைத்துப் போனபோது வாத்தியங்களும் கப்பலேறின. வாய் நெளிந்த ஒரு சாக்ஸபோனை மட்டும், கொண்டுபோகத் தகுதியில்லை என்று அதை வாசித்தவரே ஜெமீலின் கையில் கொடுத்தார். அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. ஒரு பெட்டியின் மேல் இருத்தி, எந்த விரலை மூடினால் எந்தச் சத்தம் என்று மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறை காட்டினார். கடைசிச் சத்தங்களுக்கு வந்ததும் தன்னுடைய தாடையைக் கீழே தொங்கவிட்டு, சூடான சோற்றை வாயில் போட்டுவிட்டு விழுங்க முடியாமல் இருப்பவரைப் போல முகத்தை வைத்துக் காட்டினார். பிறகு கப்பலுக்கு நேரமாகிவிட்டது. ஜெமீல் துறைமுகத்துக் களஞ்சியம் ஒன்றில் மூட்டை எண்ணும் வேலைக்குச் சேர்ந்தார். நாலரைக்கு மணி அடித்ததும் களஞ்சியத்தின் பின்பக்கம், கடலைப் பார்த்துக்கொண்டு பழகத் தொடங்கினார்.

இரண்டு மாதத்தில் மேல் சத்தங்களும் நடுச் சத்தங்களும் வந்தன. நல்ல சத்தங்கள் என்று சொல்ல ஏலாது. ஆனாலும் அவை கேட்டன. விரல்களை எல்லாம் மூடி, சின்னவிரலால் கடைசிச் சாவிகளை அமுக்கும்போதுதான் சிக்கல். காற்று உள்ளே போகும், வெளியே ஒன்றும் வராது. சாவிகளுக்கு அடியிலிருந்த தோல் வில்லைகளில் காற்று ஒழுகுகிறதோ என்று சிகரெட் கடதாசியை ஒவ்வொன்றாகச் செருகி இழுத்துப் பார்த்தார். மூன்று வில்லைகளைக் கழற்றிவிட்டு ஆட்டுத்தோல் வெட்டி ஒட்டினார். குழாயில் ஒரு குறையும் இல்லை. ஜெமீல் பித்தளை அம்மிக்கு மூச்சுக் கொடுக்கிறார் என்று துறைமுகத்தில் பகிடி பண்ணினார்கள்.

மூதூரில் அபூதாஹிர் முதலில் சாடிக்குள் தவளை இருக்கிறதென்று தண்ணீரைக் கொட்டினார். அடுத்த நாள் நாலு நாற்பதுக்கு வெறும் சாடி சத்தம் போட்டது. சாடியை உடைத்துப் புதிதாக ஒன்று வாங்கினார். புதியதும் அதையே செய்தது. சாடியே வேண்டாம் என்று குசினியைத் துப்புரவாக்கியபோது சத்தம் தேத்தண்ணிக் கேத்தலுக்குள் வந்தது. ஆகவே விஷயம் பாத்திரத்தில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறது என்று விளங்கிச் சாடியைத் திரும்பவும் அதன் இடத்திலேயே வைத்தார். மாசி மாதம் போல லோஞ்ச் ஓட்டி ஒருவர், திருகோணமலைப் பட்டணத்தில் ஒரு ஆள் தினமும் சத்தமில்லாமல் குழல் ஊதுகிறார் என்ற கதையைக் கொண்டுவந்தார். அபூதாஹிர் ஒழுங்கான மனிதர். எப்போது எத்தனை தரம் ஊதுகிறார் என்று குறித்துவரச் சொல்லி ஒரு கைக்கடிகாரத்தை லோஞ்ச் ஓட்டியிடம் கொடுத்தனுப்பினார். இன்னொன்றைத் தான் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை ஜெமீல் மூன்று தரம் அடிச்சத்தம் ஊதினார், சாடி மூன்று தரம் ஒலித்தது. செவ்வாய்க்கிழமை ஏழு தரம் ஊதினார், ஏழும் வந்தன. புதன்கிழமை அவர் ஊதவில்லை, சாடியும் சும்மா இருந்தது.

இப்படித்தான் விஷயம் பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்கார்மாரிடம் போனது. கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கும் வீட்டுக் குசினிக்குள் அந்நிய ஆண் ஒருவரின் மூச்சு நாள்தோறும் வந்து போகிறது, இதை எப்படிக் கொள்வது என்பதுதான் கேள்வி. ஊதுவது என்பது வாயிலிருந்து போகும் காற்று, பேச்சும் வாயிலிருந்து போகும் காற்றுத்தான், ஆகவே இது பேச்சு என்றார் ஒருவர். பேச்சென்றால் பொருள் இருக்க வேண்டும், இதில் பொருள் இல்லை என்றார் இன்னொருவர். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கிய கூட்டம் பொழுது மறையும் மஃரிபு வரைக்கும் நடந்தது. கடைசியில், மூச்சு எங்கே இருக்கிறதோ ஆளும் அங்கே இருக்கிறார் என்று முடிவெடுத்து, ஒன்றில் அந்த ஆள் ஊதுவதை நிறுத்த வேண்டும் அல்லது அந்தப் பிள்ளையைக் கல்யாணம் முடிக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். அதைக் கொண்டுபோன லோஞ்ச் ஓட்டியிடம் றம்ஸியாவும் ஒரு செய்தி சொல்லிவிட்டாள். “சத்தம் நல்லாத்தான் எழும்புது, முடிவில மேல பாயுது. பல்லால கடிக்கிறார் போல. கடிக்க வேணாம் எண்டு சொல்லுங்க.” தான் ஊதுவதைக் கேட்ட ஒரு உயிர் உலகத்தில் இருக்கிறது என்பதையே ஜெமீல் அந்தக் கிழமைதான் அறிந்தவர். முடிப்பதாகச் சொல்லியனுப்பினார்.

1959இல் கல்யாணம் நடந்தது. அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தார். சாக்ஸபோனையும் கொண்டுவந்தார். மூதூர் வீட்டில் வைத்து ஊதியபோது மேல் சத்தங்கள் கேட்டு அயல் வீட்டுக் கோழிகள் கலைந்தனவே தவிர, அடிச்சத்தம் சாடியிலும் வரவில்லை, வேறெங்கும் வந்ததாகவும் தகவல் இல்லை. பட்டணத்துக் கரையில் வைத்து ஊதினால்தான் இங்கே கேட்கும் என்பது தெளிவானதும் வாத்தியத்தைத் திரும்பக் களஞ்சியத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார். காலை லோஞ்சில் போவார், நாலு நாற்பதுக்கு இருபது நிமிடம் பழகுவார், பின்னேர லோஞ்சில் திரும்புவார். சாடி ஒலித்ததும் றம்ஸியா அரிசி களைவாள். சாப்பிடும்போது ஜெமீல் இடக்கை விரல்களை அவளுடைய முன்கையில் சாவிகளைப் போல வைத்து, இன்றைக்கு எதெதை ஊதினேன் என்று காட்டுவார். அவள் ஒவ்வொன்றும் எப்படி இருந்ததென்று சொல்வாள். தண்ணீர் கொப்பளிப்பது போல இருந்தது, தொடக்கத்தில் இடித்தது, மூச்சு பாதியில் இளைத்துவிட்டது.

“எனக்கு ஒண்டும் கேட்கிறதில்ல றம்ஸியா. நீ சொன்னாத்தான் நான் ஊதினது எண்டு தெரியும்” என்று ஒருநாள் ஜெமீல் சொன்னார்.

“அப்ப நான் பொய் சொன்னா?”

“பொய்யாத்தான் பழகுவன்.”

அவள் பொய் சொல்லவில்லை. ஐந்து வருடத்தில் அவர் பெரிதாக முன்னேறவும் இல்லை. 1961இல் அசனா பிறந்தாள்.

1964 டிசம்பர் இருபத்திரண்டாந் தேதி செவ்வாய்க்கிழமை பெரும் புயல் அடித்தது. காலையிலேயே லோஞ்ச் ஓடாது என்று அறிவித்துவிட்டார்கள். முதல் நாள் இரவு களஞ்சியத்தில் தங்க வேண்டி வந்த ஜெமீல், கூரைத் தகரங்கள் கிளம்புவதைக் கண்டு சாக்ஸபோனைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, வீட்டில் பெண்சாதியும் பிள்ளையும் வயதான மாமனாரும் தனியாக இருக்கிறார்கள் என்று, மூதூருக்குப் போக அந்தரப்பட்ட வேறு ஆறு பேரோடு ஒரு வள்ளத்தில் ஏறினார். வள்ளத்தின் பலகைகள் ஐந்து நாளைக்குப் பிறகு வடக்கே இறக்கக்கண்டிக் கரையில் ஒதுங்கின. கிண்ணியாவைச் சேர்ந்த சரீப் என்ற சுழியோடி நான்கு நாள் குடாவுக்குள் இறங்கி மூழ்கிப்போன ஆறு பேரின் மையித்துகளை எடுத்துக் கொடுத்தார். ஏழாவது கிடைக்கவில்லை. வாத்தியமும் கிடைக்கவில்லை. அபூதாஹிர் வீட்டில் ஓடுகள் போயிருந்தன, முற்றத்துத் தென்னைகள் இரண்டு விழுந்திருந்தன. சாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜெமீல் மௌத்தாகிவிட்டார் என்று ஊர் முடிவெடுத்து, றம்ஸியா வெள்ளை உடுத்து இத்தா இருக்கத் தொடங்கினாள். புருஷனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் இருக்க வேண்டும். மூன்றாம் நாள் பின்னேரம் நாலு நாற்பதுக்குச் சாடி ஒலித்தது. றம்ஸியா எழும்பி வெள்ளையைக் கழற்றி, பழைய பூப்போட்ட சீத்தைச் சேலையைச் சுற்றிக்கொண்டு அரிசி களையப் போனாள். ஒப்பாரிக்கு வந்திருந்த பெண்கள் எட்டுப் பேரும் சத்தத்தைக் கேட்டார்கள். சத்தம் மிக மோசமாக இருந்தது. ஏழு வருடத்துக்கு முந்தி வந்த முதல் சத்தத்தைவிட மோசம். கரகரத்து, பாதியில் மேலே பாய்ந்து, உடைந்துபோனது.

மரைக்கார்மார் மறுபடியும் வந்தார்கள். இப்போது அவர்களில் பலர் புதியவர்கள். புயலில் போன மூச்சுகள் சில நாளைக்குக் கடலில் நிற்கக்கூடும், ஆகவே இதை உயிருக்குச் சான்றாக எடுக்க முடியாது என்று அவர்கள் மரியாதையாகச் சொன்னார்கள். றம்ஸியா மறைப்புக்குப் பின்னால் நின்று நாற்பது நாள் பொறுக்கச் சொன்னாள். நாற்பதாம் நாள் அவர்கள் வந்து குசினி வாசலில் கதிரை போட்டு இருந்து கேட்டார்கள். சத்தத்தில் கரகரப்புக் குறைந்திருந்தது. இரண்டாம் தரம் ஊதியபோது மேலே பாயவும் இல்லை.

“மௌத்தானவருக்குப் பிழை திருந்துமா?” என்று றம்ஸியா கேட்டாள். “இவருக்குத் திருந்துது.”

மரைக்கார்மார் கதிரைகளை விட்டு எழும்பினார்கள். இத்தா தேவையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

1965 பங்குனியில் றம்ஸியாவும் தகப்பனும் திருகோணமலைக்குப் போய் ஆறு நாள் தேடினார்கள். களஞ்சியம் இருந்த இடத்தில் தூண்கள் மட்டும் நின்றன. ஆஸ்பத்திரி, துறைமுகம், சாம்பல்தீவு, பாலையூற்று, சல்லிக் கரையின் மீன் வாடிகள் என்று ஒன்றையும் விடவில்லை. பட்டணத்தில் எந்த மூலையிலும் யாரும் சாக்ஸபோன் ஊதக் கண்டவர் இல்லை. அந்த ஆறு நாளும் நாலு நாற்பதுக்கு மூதூரில் சாடி ஒலித்ததாக, வீட்டைப் பார்த்துக்கொண்ட அயல்காரி நஜ்முன் நிஸா சொன்னாள். திரும்பி வந்த அன்று றம்ஸியா சாடியின் முன் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். வரத் தெரியாத மனிதருக்கு ஊத மட்டும் எப்படித் தெரிகிறது என்று நஜ்முன் நிஸாவிடம் கேட்டாள். அந்தக் கோபம் மழைக்காலம் வரைக்கும் இருந்தது. அந்த மாதங்களில் அவள் சத்தத்தைக் கவனிக்காமல், அது வரும் நேரத்தில் பின்வளவுக்குப் போய் விறகு கொத்தினாள். பிறகு அபூதாஹிர் மௌத்தானார். அவருடைய காணியும் தென்னைகளும் அவள் கைக்கு வந்ததால் விறகு கொத்த நேரம் இல்லாமல் போனது. திரும்பவும் குசினியிலேயே நின்று கேட்கத் தொடங்கினாள்.

நான்கு வருடமாகக் கணவரைக் காணாத பெண் விரும்பினால் கல்யாணத்திலிருந்து விடுதலை கேட்கலாம் என்று முஸ்லிம் கல்யாண வழக்குகளைப் பார்க்கும் காதியார் 1969இல் சொல்லியனுப்பினார். அவள் விடுதலை பெற்றால் முடிக்க விருப்பம் என்று தெரிவித்தவர் சுழியோடி சரீப். மனைவியை இழந்தவர், அசனாவைவிட மூன்று வயது மூத்த ஒரு மகன் அவருக்கு இருந்தான். நல்ல மனிதர் என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. றம்ஸியாவுக்கு முப்பது வயது. ஒரு கிழமை தவணை கேட்டாள். அந்தக் கிழமை முழுக்க, பகல் வேளையில் வீட்டு முற்றத்தில் ஒரு ஆணின் செருப்பு கிடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தாள். மோசமாக இராது என்றே பட்டது. பிறகு சரீபை அழைப்பித்து, பதில் சொல்வதற்கு முந்தி நீங்கள் ஒருதரம் கேட்டுவிட வேண்டும் என்று குசினிக்குள் விட்டாள். சரீப் தண்ணீருக்கடியில் கேட்டுப் பழகிய மனிதர். சாடியின் வாயில் காதை வைத்து, இருபது நிமிடமும் அசையாமல் இருந்தார். எழும்பியபோது காது ஈரமாக இருந்தது.

“சத்தத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில மூச்சு இழுக்கிறது கேட்குது” என்றார். “நான் கடலுக்கடியில கண்ட ஆக்கள் ஒருத்தரும் மூச்சு இழுக்கல்ல. இவர் இழுக்கிறார்.”

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பதிலைக் கேட்காமலே பின்னேர வள்ளத்தில் கிண்ணியாவுக்குப் போய்விட்டார். அந்த மனிதர் பொய் சொல்லியிருக்கலாம் என்று றம்ஸியா ஒரு கிழமை நினைத்தாள். எட்டாம் நாள் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு சொல்வதற்கு முன்னேற்றம் மட்டும்தான் இருக்கிறது. 1970இல் சத்தம் இடிக்காமல் தொடங்கப் பழகியது. எழுபத்திரண்டில் அவருக்கு வாயில் வைத்து ஊதும் துண்டுக்கு நல்ல நாணல் கிடைத்திருக்க வேண்டும், கொப்பளிப்பு முற்றாக நின்றது. எழுபத்தாறில் எல்லா விரலும் மூடி, இடக்கைச் சின்னவிரல் கடைசிச் சாவியையும் அமுக்கினால் வருகிற ஆகக் கீழான சத்தம் முதல் தடவையாக வந்தது. அன்று அலுமாரிக்குள் இருந்த கோப்பைகள் கொஞ்ச நேரம் ஆடின. எழுபத்தெட்டில் இரண்டு அடிச்சத்தங்களை மூச்சு அறாமல் இணைத்தார். மாட்டுக்குப் பால் சுரக்கவில்லை, குழந்தை உறங்கவில்லை என்று அயலவர்கள் அந்த நேரத்துக்கு வந்து குசினி வாசலில் நின்றுவிட்டுப் போனார்கள். பலன் இருந்ததாகச் சொன்னவர்களும் உண்டு, இல்லையென்றவர்களும் உண்டு. பள்ளிக்கூடத்தில் தகப்பனின் தொழில் என்ன என்று கேட்டபோதெல்லாம் அசனா, பழகிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி வளர்ந்தாள்.

1981இல் சரீபின் மகன் ஹிஸ்புல்லாவுக்கு அசனாவைக் கேட்டு வந்தார்கள். எல்லோருக்கும் சம்மதம். அசனாவுக்கும் சம்மதம். சிக்கல் காகிதத்தில் வந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் உரிமை தகப்பனுடையது. அவர் இல்லாவிட்டால் தகப்பன் வழி ஆண்கள், அவர்களும் இல்லாவிட்டால் காதியார் அந்த இடத்தில் நிற்பார். ஜெமீலுக்கு உறவு என்று யாரும் இல்லாததால் காதியார் நிற்க ஆயத்தமாக இருந்தார். தகப்பன் காலமாகிவிட்டார் என்று றம்ஸியா ஒரு கையெழுத்து வைத்தால் போதும். அவள் வைக்க மறுத்தாள். காணாமற்போனவர் என்று எழுதலாமா என்று காதியார் கேட்டனுப்பினார். தினமும் வீட்டில் கேட்கிற மனிதரைக் காணவில்லை என்று எப்படி எழுதுவது என்று பதில் போனது. மூன்று மாதம் கடந்தது. கிண்ணியாவில் வேறு இடம் பார்க்கலாமா என்ற கதை எழும்பியது. அசனா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் குசினிக்குள் வந்து தாயின் முன்னால் நின்றாள்.

“வாப்பா உயிரோட இரிக்கார் எண்டு நானும் நம்புறன். அதுக்காக நான் முடிக்காம இரிக்கணுமா உம்மா?”

“உண்ட வாப்பாவ என்ட கையால எழுதிக் கொல்லச் சொல்றியா?”

“எழுத வேணாம். அவரக் கேளுங்க.”

“நாம கதைக்கிறது அவருக்குக் கேட்காது மகள்.”

“பதினாறு வருசமா ஊர் முழுக்க வந்து அவர் ஊதினதக் கேட்டாங்க” என்றாள் அசனா. “ஆராச்சும் ஒருத்தர் அவரோட கதைச்சுப் பார்த்தயளா?”

றம்ஸியா அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். யாரும் கதைத்துப் பார்க்கவில்லை என்பது உண்மை. ஊதுகிற மனிதருக்குத் தன் சத்தமே கேட்காது என்பதால், அவருக்கு எதுவும் கேட்காது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அப்படித்தான். அன்று பின்னேரம் சாடியின் முன் நின்று ஏதாவது சொல்லலாமா என்று வாயைத் திறந்தாள். எதை முதலில் சொல்வதென்று தெரியவில்லை. பதினாறு வருடத்துக் கதை நிறைய இருந்தது. சத்தம் முடிந்துபோனது. அவள் காதியாருக்கு ஆள் அனுப்பினாள்.

காதியார் விஷயத்தை நேராகப் பார்க்கிறவர். நாலு நாற்பதுக்கு வரும் சத்தம் எப்படியும் வரும், அதைச் சம்மதம் என்று எழுத முடியாது என்றார். வேறொரு நேரத்தில் கேட்க வேண்டும், அப்போது பதில் வந்தால் எழுதலாம், வராவிட்டால் றம்ஸியா கையெழுத்து வைக்க வேண்டும் என்பது பேச்சு. செப்டெம்பர் பதின்மூன்றாந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நிக்காஹ் என்று நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் பந்தலில் இருந்தார்கள். காதியாரும் பதிவாளரும் இரண்டு சாட்சிகளும் குசினிக்குள் கதிரைகளில் இருந்தார்கள். காதியார் சாடியைப் பார்த்து, முறைப்படி, ஜெமீலே, உங்கள் மகள் அசனாவை சரீப் மகன் ஹிஸ்புல்லாவுக்கு நிக்காஹ் செய்துகொடுக்க உங்களுக்குச் சம்மதமா என்று மூன்று தரம் கேட்டார். தண்ணீர் அசையவில்லை. பத்தேகாலானது. தேத்தண்ணி கொடுத்தார்கள். பத்தரையானது. பதிவாளர் பேனையின் மூடியைக் கழற்றி, றம்ஸியா கையெழுத்து வைக்க வேண்டிய மறு காகிதத்தை எடுத்து மேலே வைத்தார். றம்ஸியா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தாள். பேனையை வாங்கினாள்.

அறைக்குள்ளிருந்து அசனா மணப்பெண் உடுப்போடு வந்தாள். காதியார் தலையைத் திருப்பிக்கொண்டார். அவள் சாடியின் விளிம்பில் இரண்டு கையையும் வைத்துக் குனிந்தாள்.

“வாப்பா” என்றாள். “நான் அசனா. நீங்க போகக்கொள்ள எனக்கு மூணு வயசு. எனக்கு இவரப் புடிச்சிரிக்கு. உங்களுக்குச் சம்மதமா?”

முதலில் மூச்சு இழுபடும் ஓசை வந்தது. அதைப் பந்தலில் இருந்தவர்களும் கேட்டார்கள். பிறகு அடிச்சத்தம் வந்தது. கடைசிச் சாவிச் சத்தம். இடிக்காமல், கரகரக்காமல், கடிபடாமல் எழும்பி அப்படியே நின்றது. பேனை றம்ஸியாவின் கையிலிருந்து நழுவியது. அவள் தேங்காய் துருவும் பலகையில் இருந்துகொண்டாள். பந்தலில் சரீப் தலையைக் குனிந்து விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூச்சின் நீளத்தை எண்ணிக்கொண்டிருந்தார், பத்து விரலும் முடிந்து திரும்பத் தொடங்கினார். பதிவாளர் பேனையைக் கீழேயிருந்து எடுத்துத் துடைத்து, பெண்ணின் தகப்பன் என்ற இடத்தில் ஜெமீலின் பெயரை எழுதி, கையொப்பம் என்ற இடத்தில் வாய்மொழிச் சம்மதம் என்று எழுதி, காதியார் அதைப் படித்துப் பார்த்துத் தன் முத்திரையைக் குத்தும் வரைக்கும் சத்தம் நிற்கவில்லை.

விருந்து பிந்தித்தான் தொடங்கியது. கடைசிச் சவன் தட்டை ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நேரம் நாலு நாற்பது. குசினிக்குள் சாடியில் வழமையான ஊதிப் பழகுதல் தொடங்கியது. யாரும் தலையை நிமிர்த்தவில்லை. அதில் ஒருவர் இன்னும் கொஞ்சம் இறைச்சிக் கறி கேட்டார். அசனா எழும்பிப் போய் எடுத்து வந்தாள்.